வீட்டுக்கு ஒரு கை

சரியாக ஏழு நாள் ஆகிவிட்டது, குத்ரூன் தன் மகளின் கழுத்தைப் பார்த்து.

சாண்ட்ஹவ்ன் என்ற அந்தத் துறைமுக ஊர்ப் பெண்களுக்கு விடிந்ததும் கடலில் முங்கி எழுவது பல் தேய்ப்பது மாதிரி. உடம்பில் துணி இருக்காது, யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவும் மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மகள் மலேனாவை எட்டு மாதமாகக் காணோம். ஜலதோஷம், வேலை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் ஆளில்லாத நேரம் பார்த்துத் தனியாக முங்கிவிட்டு, துணி மாற்றும் கரைக் குடிசையில் துவட்டிக்கொண்டு நின்றவளை, மறந்துவைத்த செருப்பை எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டாள். கழுத்தின் ஒரு பக்கம் நான்கு விரல் தடம். மறுபக்கம் கட்டைவிரல்.

"படகுக் கயிறு பட்டுடுச்சும்மா."

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றிய நர்ஸ் குத்ரூன். கயிற்றுக்கு ஐந்து விரல் முளைக்காது என்று அவளுக்குத் தெரியாதா? எந்த வீட்டுப் பெண் எதனால் 'படியில் விழுந்தாள்' என்று ஊரில் எல்லாம் தெரிந்தவளுக்கு, சொந்தப் பெண் விழுந்தது மட்டும் எட்டு மாதமாகக் கண்ணில் படவில்லை. அந்த வெட்கம் ஏழு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"வெளிய சொன்னே, நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று மலேனா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சத்தியமா இருக்க மாட்டேம்மா."

அதனால் குத்ரூன் சொல்லவில்லை. வேறொன்று செய்தாள். துறைமுகச் சேவைச் சங்கத்துக்கு அடுத்த வருஷத் தலைவி அவள்தான். ஜூலை முதல் தேதி பிறக்கிற சங்க வருஷத்துக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்த இலக்கு, மணல்மேட்டுப் பாதையில் பெஞ்சு போடுவது. அதைக் குறுக்காக அடித்துவிட்டு, 'அடிக்குப் பயந்து ஓடி வரும் பெண்களும் குழந்தைகளும் தங்குவதற்குப் பழைய மாலுமி வீட்டைச் செப்பனிடுவது' என்று எழுதினாள். இப்போதைக்கு அப்படி ஒரு வீடு இருப்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, அங்கேயும் இடம் கிடையாது. மலேனாவின் பெயரை எடுக்காமல் மலேனாவுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு ஓட்டு. ஜூன் இருபத்து மூன்று. சாயங்காலம் கடற்கரையில் நெருப்பு மூட்டி வைக்கோல் சூனியக்காரியைக் கொளுத்துகிற நாள். நாலு மணிக்குச் சங்கக் கூட்டம், அது முடிந்ததும் நெருப்பு. அப்படித்தான் எப்போதும்.

காலை ஒன்பது மணிக்கே குத்ரூன் மணலில் முட்டி போட்டு, வைக்கோல் பொம்மைக்குக் கம்பால் முதுகெலும்பு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகன் எஸ்பென் ஒரு பிளாஸ்டிக் பையோடு சைக்கிளில் வந்தான். இருபத்து நாலு வயது. அக்காள் புருஷன் தோர்கிலின் மீன்படகில்தான் வேலை பார்க்கிறான்.

"அம்மா, இந்தா. பொம்மைக்கு உடுத்தப் பழைய துணி. தோர்கில் அத்தான் குடுத்தார். உன் கையிலயே குடுக்கச் சொன்னார்."

பையில் ஒரே ஒரு துணிதான் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர், தோளைச் சுற்றி வெள்ளைப் பூவேலை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் குத்ரூன் தன் கையால் மலேனாவுக்குப் பின்னியது. ஒரு கை தோளோடு பிய்ந்து தொங்கியது. கழுத்துப் பட்டியிலிருந்து நெஞ்சு வரைக்கும் காய்ந்து பழுப்பாகிப் போன ரத்தம்.

துவைத்திருக்கலாம், குப்பையில் போட்டிருக்கலாம், வீட்டு அடுப்பிலேயே எரித்திருக்கலாம். ஆனால் தோர்கில் அனுப்பியிருக்கிறான். நீ என்ன எழுதிக் கொடுத்தாய், யாருக்காக எழுதிக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும், இதையும் நீயே உன் கையால் கொளுத்து என்கிறான்.

"அக்காவோடது" என்றான் எஸ்பென்.

"நீ படகுக்குப் போ."

"இது ரத்தம்மா."

"எஸ்பென், போன்னு சொன்னேன்."

"பிப்ரவரியில அக்கா மூக்கு உடைஞ்சுதே, ஐஸ்ல வழுக்கிட்டான்னு சொன்னாங்களே. நீ சித்தி வீட்டுக்குப் போயிருந்தே. அப்பாதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்?" அவன் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஐஸ்ல வழுக்கினா கை எப்பிடிம்மா பிய்யும்?"

அவள் எழுந்திருப்பதற்குள் அவன் சைக்கிள் மணல்மேட்டைத் தாண்டிவிட்டது.

ஐம்பத்தெட்டு வயதுக் கால்களால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, முதல் அடி விழுந்து முடிந்திருந்தது. அடித்தது எஸ்பென். படகின் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்த தோர்கிலின் வாயில் குத்தியிருக்கிறான். தோர்கில் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துப் பார்த்தான். தண்ணீர்க் குழாயை நிதானமாக மூடினான், ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். பிறகுதான் ஆரம்பித்தான்.

அவன் அடிக்கிற விதத்தைப் பார்த்தபோதுதான் குத்ரூனுக்குத் தன் மகள் எட்டு மாதம் எப்படி வாழ்ந்திருக்கிறாள் என்று முழுசாக விளங்கியது. கோபமே கிடையாது. வயிற்றில் ஒன்று. பையன் குனிந்ததும் தலைமுடியைப் பிடித்து மீன்பெட்டியின் விளிம்பில் முகத்தை மோதினான். தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மோதினான். விழுந்தவனை விலாவில் மிதித்தான்.

"விடுடா! விடு அவனை!" என்று குத்ரூன் கரையிலிருந்து கத்தினாள்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். மச்சான்களுக்குள் சண்டை, இதில் நமக்கு என்ன என்கிற சிரிப்பு. மூன்றாவது மிதியில்தான் சிரிப்பு நின்றது.

படகுக்குள் குதித்து விலக்கியது தித்லெவ். குத்ரூனின் கணவர், ஊர் மீட்புப் படகை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர். இந்தக் கோடையோடு ஓய்வு. அடுத்து சுக்கானைப் பிடிக்கப்போகிறவன் தோர்கில். போன நவம்பரில் எட்டாள் உயர அலையில் இறங்கி மூன்று பேரைத் தூக்கி வந்தவன் என்று ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

"போதும் தோர்கில். நிறுத்து."

"உங்களுக்காக நிறுத்தறேன் மாமா." அவனுக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. கரையில் நின்ற குத்ரூனைப் பார்த்துச் சிரித்தான். பல்லில் ரத்தம். "அத்தை, பையனைக் கொஞ்சம் கட்டி வைங்க. துணி வந்து சேர்ந்துச்சா? கம்பளி, நல்லா எரியும்."

கருவாட்டுக் கிடங்கு வாசலில் மகனை உட்கார வைத்து, கோணிப்போன மூக்கெலும்பை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து ஒரே இழுப்பில் நேராக்கினாள். எஸ்பென் அலறினான். ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்தது.

"இவனுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று கணவரின் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை, முதலாளியும் மாப்பிள்ளையுமான ஒருவனைப் போய் அடித்திருக்கிறான். ஏன் அடித்தாய் என்று எந்த அப்பாவும் கேட்பான் இல்லையா?

தித்லெவ் கேட்கவில்லை. கைக்குட்டையை நீட்டிவிட்டு, "இன்னிக்கு மீட்டிங் இருக்கு. எதையும் கிளறாதே குத்ரூன்" என்றார்.

அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் மகனின் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தபோது அதைப் பிடுங்கிப் பார்க்க நேரமில்லை.

நாலு மணிக்குச் சங்கக் கட்டிடம் நிரம்பிவிட்டது. ஒரு காலத்தில் வலை காயப்போட்ட மாடி. முப்பத்தோரு வீடு, அறுபது தலை, நீள மேசைகள், காபி, சர்க்கரை தூவிய வளைய ரொட்டி. எஸ்பென் வாசலுக்கு வெளியே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனி வீடு இல்லாதவனுக்கு இந்தச் சங்கத்தில் ஓட்டுப் போடக் கை கிடையாது.

வீட்டுக்கு ஒரு கை. அதுதான் விதி. ஒரு புயலில் பதினொரு வீட்டு ஆம்பிளைகள் திரும்பி வராமல் போனபோது, ஆம்பிளை இல்லாத வீடும் குறையக் கூடாது, ஆள் எண்ணிக்கை பார்க்க வேண்டாம், வீட்டுக்கு ஒரு கை என்று அந்தக் காலத்தில் யாரோ நல்ல மனசோடு முடிவு செய்தார்கள். புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் கை தூக்கிவிட்டால்? அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேரையும் சங்கத்து அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். பேசித் தீர்த்துக்கொண்டு ஒரே கையோடு வெளியே வர வேண்டும். அவர்கள் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் சபை மேசையைத் தட்டிக் கொண்டாடும். போன வருஷம் ரொட்டிக் கடை மெத்தெவும் அவள் புருஷனும் போய்விட்டு, இரண்டு பேர் வாயிலும் கேக் ஒட்டியிருக்க வெளியே வந்தார்கள். ஊர் ஒரு வாரம் சிரித்தது.

இத்தனை வருஷத்தில் அந்தக் கதவைப் பற்றி யாருமே பயந்ததில்லை. குத்ரூனும்தான்.

பழைய தலைவர் விகோ பதவிச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். கையில் சுத்தியலைக் கொடுத்தார். உடைந்த படகின் அடிமரத்தில் செய்த சுத்தியல், நல்ல கனம். இனி ஓட்டை எண்ணுவது அவள் வேலை. தலைமை நாற்காலியில் இருப்பவர் வீட்டின் கை கடைசியில்தான் எழும்பும்.

இரண்டு இலக்குகள் பலகையில் இருந்தன. இரண்டாவது மீட்புப் படகுக்குக் கொட்டகை கட்டுவது, தித்லெவ் எழுதிக் கொடுத்தது. மாலுமி வீடு, குத்ரூன் எழுதிக் கொடுத்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே" என்றார் விகோ. "நம்ம ஊர்ல அப்பிடி அடி வாங்கறவங்க யாரு இருக்கா? வெளியூர்க்காரங்களுக்கு நாம ஏன் வீடு கட்டணும்?"

"அதானே! ஒரு பேரு சொல்லு குத்ரூன், நானே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கறேன்" என்று யாரோ சொல்ல, நல்ல சிரிப்பு.

குத்ரூன் மகளைப் பார்த்தாள். இரண்டாவது மேசையில், கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையில், தோர்கிலின் பக்கத்தில் மலேனா உட்கார்ந்திருந்தாள். அவன் கை அவள் நாற்காலி முதுகில் கிடந்தது. மலேனா தலையை அசைத்தாள். வேண்டாம்மா.

"பேரு சொல்ல மாட்டேன்" என்றாள் குத்ரூன். "ஓட்டுக்குப் போகலாம். படகுக் கொட்டகைக்கு?"

கைகள் எழும்பின. தோர்கிலின் கை முதலில். எண்ணினாள். பதினாறு.

"மாலுமி வீட்டுக்கு?"

பதினாலு. தலைமை வீடு சேர்ந்தாலும் பதினைந்துதான். தோற்றாயிற்று. முடிவைச் சொல்லச் சுத்தியலைத் தூக்கினாள்.

அப்போது இரண்டாவது மேசையில் ஒரு கை எழுந்தது. மெதுவாக, முழங்கை மடங்கி எழுந்தது. மலேனாவின் வலது கை.

சபை குபீரென்று சிரித்தது.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு கை!" என்று விகோ கத்தினார். "அடுப்படி! அடுப்படி!"

அறுபது பேரும் கோப்பையால் மேசையைத் தட்டினார்கள். "அடுப்படி! அடுப்படி!"

"வேண்டாம்" என்றாள் குத்ரூன். சுத்தியலால் ஓங்கித் தட்டினாள். "வேண்டாம், உட்காருங்க! நான் தலைவி, நான் சொல்றேன்!" அவள் தட்டுவதும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். தோர்கில் எழுந்து எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டான், பெண்டாட்டியின் தோளைச் சுற்றி ஆசையாகக் கை போட்டுக்கொண்டான். கட்டைவிரல் அவள் பிடரியில் அழுந்தியிருந்ததைக் குத்ரூன் மட்டும்தான் பார்த்தாள். பாவி மக்கள், கைதட்டி அவளை அனுப்பினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"முத்தம் குடுத்துச் சமாதானம் பண்ணுடா!" என்று ஒரு குரல்.

உள்ளே தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. சட்டென்று ஒரு பீங்கான் தட்டு உடைந்தது. சபை இன்னும் சிரித்தது.

குத்ரூனுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் தெரியும். நோயாளி வீடுகளில், பக்கத்து வீட்டுச் சுவர்களுக்குப் பின்னால், முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். அழுகுரலை அமுக்குவதற்கென்றே திறக்கிற குழாய்.

ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள். கதவின் மேல்பாதியில் இருந்த மங்கல் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கி, சில்லுகளுக்கு நடுவே கையை விட்டுத் தாழைத் திறந்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது. வலி தெரியவில்லை.

அறுபது பேருக்குக் கொதிக்கிற காபிப் பாத்திரம் மேடையில் இருந்தது. தோர்கில் மலேனாவைப் பின்னாலிருந்து அதன் மேல் நெருக்கிப் பிடித்திருந்தான். ஒரு கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை, ஓட்டுப் போட்ட அந்த வலது கையைப் பிரித்து, கொதிக்கிற தகரத்தில் உள்ளங்கை படப் பதித்து அழுத்திக்கொண்டிருந்தது.

"எந்தக் கை? இதுவா? இந்தக் கைதானே?"

குரலில் அப்போதும் கோபமே இல்லை.

குத்ரூன் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அவன் திரும்பி நல்ல கையால் அவள் வாயில் குத்தினான். அவள் அலமாரியில் மோதிச் சரிந்தாள். கோப்பைகள் மேலே வந்து விழுந்தன, வாய் முழுக்க உப்பு ரத்தம், ஒரு பல் நாக்கில் உருண்டது. ரொட்டி வெட்டுகிற நீளக் கத்தியை அவன் மேடையிலிருந்து எடுத்தான். அவள் எழவில்லை. தரையில் கிடந்தபடியே அவன் முழங்காலில் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். தோர்கில் முதல் தடவையாக அலறினான். இவ்வளவு நாளும் யாரும் அவனைத் திருப்பி அடித்ததே இல்லை என்று அந்த அலறலிலேயே தெரிந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அதை அவள் பிறகு எப்போதும் மறைக்கவில்லை.

கத்தி கீழே விழுந்தது. அவன் முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் பின்வாசல் வழியாக வெளியே போனான். சற்று நேரத்தில் துறைமுகப் பக்கம் ஒரு படகின் எஞ்சின் உறுமுவது கேட்டது.

கூடத்தில் தட்டுவது எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. திறந்த கதவு வழியாக எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். மெத்தெ அழுதுகொண்டே போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். விகோ கோப்பையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தண்ணியில பிடி" என்றாள் குத்ரூன் மகளிடம். "கையைத் தண்ணியில பிடிடி, உடனே."

"இரும்மா."

மலேனா கூடத்துக்குள் நடந்தாள். சட்டைக் கழுத்து கிழிந்து, அந்த ஐந்து விரலும் இப்போது எல்லாருக்கும் தெரிந்தன. வலது கையை உயரத் தூக்கினாள். முழங்கை மடங்கவில்லை. உள்ளங்கை முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"பேரு கேட்டீங்களே" என்றாள். "என் பேரு. எங்க வீட்டுக் கை இதுதான். எண்ணும்மா."

குத்ரூன் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு எண்ணினாள். "கொட்டகை பதினஞ்சு. மாலுமி வீடு பதினஞ்சு."

"பாக்கி உங்க வீடுதான்" என்றார் விகோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லாரும் தித்லெவைப் பார்த்தார்கள். முதல் மேசையில் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். முன்பின் தெரியாதவனுக்காகக் கடலில் குதிக்கிற மனிதர், அடுப்படியில் அத்தனையும் நடந்தபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. குத்ரூனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"அப்பாவுக்கு பிப்ரவரியிலேயே தெரியும்" என்றாள் மலேனா. இறக்காத கையோடு சொன்னாள். "ஆஸ்பத்திரியில நான் சொன்னேன். ஐஸ்ல வழுக்கினேன்னு எழுத வச்சது அப்பாதான்."

காலையில் குத்திய முள் இப்போது முழுசாக உள்ளே இறங்கியது.

"அவன் என்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தான் குத்ரூன்" என்றார் தித்லெவ். குரல் கம்மியிருந்தது. "இனிமே தொட மாட்டேன்னு அழுதான். நான் நம்பினேன். அவனை விட்டா அந்தப் படகை எடுக்க ஊர்ல வேற யாரு இருக்கா? எத்தனை உயிரு போகும்னு யோசிச்சியா?"

"உன் பொண்ணு உயிரு அந்தக் கணக்குல வரலியா?"

"இங்க வேண்டாம்." அவர் சுற்றிலும் பார்த்தார். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

குத்ரூன் சிரித்தாள். உதடு கிழிந்து வலித்தது. ஊரில் எத்தனை கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள் இதை! தன் ரத்தம் வடிகிற இடது கையை மாலுமி வீட்டுக்காகத் தூக்கினாள்.

"இதோ நம்ம வீட்டுல ஒரு கை. உன் கை எந்தப் பக்கம் தித்லெவ்?"

அவர் கை மேசை மேலேயே கிடந்தது.

"விதி உனக்குத் தெரியும்ல?" என்றாள். "வா, அடுப்படிக்கு. ஆனா இனிமே இந்தச் சங்கத்துல அந்தக் கதவைச் சாத்தறதில்ல."

யாரும் மேசையைத் தட்டவில்லை. அவள் மலேனாவைத் தோளோடு அணைத்துக் கண்ணாடிச் சில்லுகளின் மேல் நடத்திக் கூட்டிப்போனாள். தோர்கில் திறந்துவிட்ட குழாய் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. மகளின் வெந்த கையை அந்தத் தண்ணீரின் கீழே பிடித்தாள். மலேனா இப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பொத்த யாரும் இல்லாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

சுத்தியலைக் குத்ரூன் இன்னும் கீழே வைக்கவில்லை. திறந்த கதவுக்கு முதுகைக் காட்டியபடியே, பின்னால் தித்லெவின் நாற்காலி நகருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள்.